லேமினேட் ஒட்டிய பிறகு: இன்டீரியர் விற்பனையில் இணைய நம்பிக்கை குறித்து ஓர் ஆய்வு

முகம் தெரியாத ஒருவரிடம், இன்னும் செய்யப்படாத ஒரு பொருளுக்காக முன்பணம் கொடுக்க ஒருவரை எது துணியவைக்கிறது? பொருளியல், சமூகவியல், சட்டம் மூன்றுமே இந்தக் கேள்விக்கு நெடுங்காலமாக விடை சொல்லி வருகின்றன. இணையம் வந்த பிறகு சந்தைப்படுத்தல் துறையும் தன் பங்குக்கு ஒரு விடையைச் சேர்த்தது. இந்த விடைகளை உரசிப் பார்க்க அடுக்குமாடி வீட்டு இன்டீரியர் வேலை நல்ல களம். சென்னையில் ஓ.எம்.ஆர். பக்கமோ போரூர் பக்கமோ புது வீட்டுச் சாவி கைக்கு வரும் சமயத்தில், மாடுலர் கிச்சன், வார்ட்ரோப், ஃபால்ஸ் சீலிங் விளம்பரங்கள் கைபேசியில் வரிசைகட்டத் தொடங்கிவிடும். முன்பு இதே வேலைக்குத் தெரிந்தவர் வீட்டில் கதவு, அலமாரி செய்துகொடுத்த ஆசாரியை அழைப்பார்கள். வேலை சரியில்லையென்றால் அந்த வட்டாரத்தில் அவருக்குப் பெயர் கெடும். அந்தப் பயமே அன்றைய வாரன்டி. புதிதாகக் குடிவரும் அடுக்குமாடிக்காரருக்கு அப்படி ஒரு வட்டாரம் கிடையாது. 2014-இல் பெங்களூரில் தொடங்கிய லிவ்ஸ்பேஸ், ஹோம்லேன் போன்ற நிறுவனங்கள் முதல், ஓர் இன்ஸ்டாகிராம் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு வேலை பிடிக்கும் இரண்டு பேர் குழுக்கள் வரை எல்லோரும் அந்த வெற்றிடத்தில்தான் தொழில் செய்கிறார்கள்.

அந்த இடத்தை நிரப்பும் வழிகள் என்று இதுவரை சொல்லப்பட்டவை மூன்று: அழகான தோற்றம், வாடிக்கையாளர் மதிப்பீடு, முத்திரையும் சட்டமும். மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் மூன்றுமே வாடிக்கையாளர் கையெழுத்துப் போடும் தருணத்தைக் குறிவைக்கின்றன. இன்டீரியர் வேலையில் ஏமாற்றம் நிகழ்வது பெரும்பாலும் அதற்குப் பிறகு. ஆகவே, விற்பவர் தன் வாக்குறுதியைப் பிறர் சரிபார்க்கக்கூடிய வடிவில் முன்கூட்டியே வெளியிடுவதே இந்தத் தொழிலில் நிலைக்கக்கூடிய நம்பிக்கைக்கு அடிப்படை என்பது இக்கட்டுரையின் வாதம். இதற்கும் எல்லைகள் உண்டு.

பார்த்தாலும் தெரியாத சரக்கு

ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் பழைய கார் சந்தையை எடுத்துக்கொண்டு எழுதிய கட்டுரை இந்த விவாதத்தின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று. தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்றால், வாங்குபவர் சராசரித் தரத்துக்கான விலையைத்தான் தருவார். அந்த விலை கட்டுப்படியாகாத நல்ல சரக்குக்காரர் சந்தையை விட்டு விலகுவார். மிஞ்சுவது மட்டமான சரக்கு. அதே ஆண்டில் ஃபிலிப் நெல்சன், வாங்கும் முன்பே தேடிப் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய பண்புகளையும், பயன்படுத்திய பிறகே தெரியவரும் பண்புகளையும் பிரித்துக் காட்டினார். 1973-இல் டார்பியும் கார்னியும் மூன்றாவது வகை ஒன்றைச் சேர்த்தார்கள்: பயன்படுத்திய பிறகும் வாங்கியவரால் எளிதில் கண்டுபிடிக்க முடியாத பண்புகள். வைத்தியமும் வாகனப் பழுதுபார்ப்பும் இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் உதாரணங்கள்.

ஒரு சமையலறை அலமாரியில் இந்த மூன்றும் ஒன்றாக இருக்கின்றன. லேமினேட்டின் நிறமும் கைப்பிடியின் வடிவமும் முதல் வகை. இழுப்பறை ஓசையில்லாமல் மூடுகிறதா, கீல் தொய்கிறதா என்பது இரண்டாம் வகை. உள்ளே இருக்கும் பலகை மூன்றாம் வகை. ஐ.எஸ். 710 தரச் சான்று பெற்ற மரைன் ப்ளைவுட்டின் ஒட்டு, 72 மணி நேரக் கொதிநீர்ச் சோதனையைத் தாங்க வேண்டும். எம்.ஆர். தரப் பலகைக்கு அந்தச் சோதனை கிடையாது. ஈரப்பதத்தை ஓரளவு தாங்கினால் போதும். இரண்டின் மேலும் ஒரே லேமினேட்டை ஒட்டி, ஓரத்துக்கு எட்ஜ் பேண்ட் அடித்துவிட்டால், சிங்க்குக்குக் கீழே இருப்பது எது என்று வீட்டுக்காரரால் சொல்ல முடியாது. சிங்க் குழாய் கசிந்து, ஓரிரு மழைக்காலம் கழித்துப் பலகை உப்பும்போது சந்தேகம் வரும். அப்போதும் குறை பலகையிலா, பிளம்பர் வேலையிலா, சுவரின் ஈரத்திலா என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வார்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உரிம எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும் பலகையின் முகம் லேமினேட்டுக்கு அடியில் போய்விட்டிருக்கும்.

தோற்றத்தை நம்புவோர்

இணைய நம்பிக்கை ஆய்வுகளில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பி. ஜே. ஃபாக் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு. ஓர் இணையதளம் நம்பத்தக்கதா என்று 2,684 பேரிடம் கேட்டபோது, அவர்கள் எழுதிய கருத்துகளில் 46.1 விழுக்காடு தளத்தின் தோற்றத்தைப் பற்றியவையாக இருந்தன. நிறுவனத்தின் பின்னணி, தகவலின் துல்லியம் முதலியவை அதற்குப் பின்னால்தான் வந்தன. இன்டீரியர் விற்பனையாளர்கள் அந்த ஆய்வைப் படித்திருக்க வேண்டியதில்லை; அதன் முடிவை அனுபவத்தில் அறிந்தே வைத்திருக்கிறார்கள். தோற்றமே விற்பனைச் சரக்காக இருக்கும் தொழிலில், பளிச்சென்ற படம் திறமைக்கும் ஓரளவு சான்றுதான். அதை முற்றிலும் மேல்பூச்சு என்று தள்ளிவிடுவது நியாயமாகாது.

சிக்கல் 3டி படத்தில் தொடங்குகிறது. கணினியில் வரைந்த படம் என்பதாலேயே அது பொய் என்று கொள்ள வேண்டியதில்லை. ஐகியா 2006-இல் ஒரு நாற்காலியின் படத்தைக் கணினியில் உருவாக்கத் தொடங்கி, 2014 வாக்கில் தன் பொருட்படங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கை அப்படியே தயாரித்துக்கொண்டிருந்தது. அதனால் வாங்கியவர் ஏமாந்தார் என்று சொல்ல முடியாது. படத்தில் உள்ள நாற்காலி ஏற்கெனவே தொழிற்சாலையில் அதே அளவில், அதே நிறத்தில் இருந்தது. படம் அதற்கு நகல். இன்டீரியர் நிறுவனத்தின் படமோ வருங்காலத்தைப் பற்றிய வாக்குறுதி. மேலும் அந்தப் படத்தில் தூண் துருத்தாது, பீம் தொங்காது, ஏசி குழாய் வெளியே தெரியாது, மாலை வெயில் எப்போதும் ஒரே கோணத்தில் விழும். ரியல் எஸ்டேட்டில் இதற்கு முன்னோடி மாதிரி வீடு. சராசரியைவிடச் சிறிய கட்டிலையும் சோஃபாவையும் போட்டு, ஒரு சுவரில் கண்ணாடி பதித்து, அறையைப் பெரிதாகக் காட்டும் உத்தி பழையது. பில்டர் கையேட்டில் படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ‘அறைகலன்கள் விற்பனையில் அடங்கா’ என்றிருக்கும். எழுதிவிட்டதால் சட்டப்படி தப்பலாம். படம் செய்யவேண்டிய வேலையை அதற்குள் செய்து முடித்திருக்கும்.

நட்சத்திரங்களை நம்புவோர்

தோற்றத்துக்கு மாற்றாக வந்தது முன்னாள் வாடிக்கையாளரின் சாட்சி. இதற்கு வலுவான ஆதாரம் உண்டு. பால் ரெஸ்னிக் குழுவினர் ஈபே தளத்தில் நடத்திய கட்டுப்பாட்டுச் சோதனையில் (2006), ஒரே மாதிரியான பழைய அஞ்சல் அட்டைகளை நற்பெயருள்ள கணக்கிலும் புதிய கணக்குகளிலும் விற்றுப் பார்த்தார்கள். நற்பெயருக்கு வாங்குவோர் கொடுக்கத் தயாராக இருந்த கூடுதல் விலை 8.1 விழுக்காடு. மைக்கேல் லூக்கா 2011-இல் சியாட்டில் உணவகங்களை ஆராய்ந்து, யெல்ப் மதிப்பீட்டுத் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருவாய் 5 முதல் 9 விழுக்காடு கூடுகிறது என்று கண்டார். அந்த விளைவு சங்கிலித்தொடர் உணவகங்களில் இல்லை. தனிக் கடைகளிலேயே இருந்தது. பெயரில்லாத சிறு தொழிலாளிக்கு மதிப்பீடு ஏணியாகிறது என்பது இதன் பொருள். இன்டீரியர் தொழிலில் சிறு குழுக்களுக்கு இது நல்ல செய்தி.

ஆனால் அதே ஆய்வு மரபே இதன் பலவீனங்களையும் தோண்டி எடுத்திருக்கிறது. லூக்காவும் ஸெர்வாஸும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், பாஸ்டன் உணவகங்களுக்கு வந்த மதிப்பீடுகளில் சுமார் 16 விழுக்காட்டை யெல்ப் தளமே சந்தேகத்துக்குரியவை என ஒதுக்கியிருந்தது தெரிந்தது. ஏர்பிஎன்பி வீடுகளில் ஏறத்தாழ 95 விழுக்காடு 4.5 அல்லது 5 நட்சத்திரம் பெற்றிருந்ததை 2015-இல் மற்றொரு ஆய்வு காட்டியது. எல்லோரும் முதல் வகுப்பில் தேறினால் மதிப்பெண்ணுக்கு வேலையில்லை. அமெரிக்காவில் 1995-இல் தொடங்கிய ஆஞ்சிஸ் லிஸ்ட், வீட்டு வேலை ஒப்பந்தக்காரர்களைப் பற்றிய மதிப்பீடுகளைச் சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் காட்டியது. சந்தாதாரர் பணத்தில் இயங்குவதால் நடுநிலை காக்கலாம் என்பது அதன் கணக்கு. ஒப்பந்தக்காரர்களின் விளம்பரப் பணமும் அதில் புகுந்தது. 2016-இல் சந்தாச் சுவரே அகற்றப்பட்டது. மதிப்பீட்டைச் சேகரிக்கும் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி அங்கும் தீரவில்லை.

இன்டீரியருக்கே உரிய கூடுதல் சிக்கல் காலம். உணவகத்தின் சுவை அன்றே தெரியும். இங்கே மதிப்பீடு கேட்கப்படுவது வேலையை ஒப்படைக்கும் நாளிலோ, அதையொட்டியோ. அன்று வீடு புதிது, மனம் நிறைவானது, டிசைனர் எதிரே நிற்கிறார். அன்றைய ஐந்து நட்சத்திரம் லேமினேட்டின் நிறத்துக்கும் வேலையாட்களின் பணிவுக்கும் கிடைத்தது, பலகைக்குக் கிடைத்ததல்ல. பலகை உப்பிய பிறகு திரும்பிவந்து மதிப்பீட்டைத் திருத்துவோர் குறைவாகவே இருப்பார்கள் என்று ஊகிக்கலாம். ஒரு குடும்பம் இந்தச் செலவைப் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்வதால், மறுமுறை வராமல் தண்டிக்கும் ஆயுதமும் அவர்கள் கையில் இல்லை. இந்தியத் தர அமைவனம் 2022-இல் இணைய மதிப்பீடுகளுக்கென ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. எழுதியவர் உண்மையான வாடிக்கையாளரா என்று சரிபார்ப்பதற்கு அது வழிமுறை சொல்கிறது. விருப்ப அடிப்படையில் பின்பற்றும் தரநிலையாகவே அது வெளிவந்தது. எழுதியவர் உண்மையானவர் என்று அது உறுதிசெய்யலாம், அவருக்குப் பலகை தெரியும் என்று உறுதிசெய்ய முடியாது.

முத்திரையும் சட்டமும்

மூன்றாவது விடை, நம்பிக்கையைத் தனிமனிதரிடமிருந்து நிறுவனத்துக்கு மாற்றுவது. விருப்ப முத்திரைகளின் வரலாறு எச்சரிக்கை தருகிறது. பெஞ்சமின் எடெல்மன் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், டிரஸ்ட்ஈ என்ற இணைய நம்பகச் சான்று முத்திரை பெற்ற தளங்கள் நம்பத்தகாதவையாக இருக்கும் வாய்ப்பு முத்திரை இல்லாதவற்றைவிட இருமடங்குக்கும் மேலாக இருந்தது. முத்திரை தேவைப்படுவோரே அதைத் தேடிப் போனார்கள், தணிக்கையும் தளர்வாக இருந்தது.

சட்டத்தின் கதை வேறு. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், அதாவது ரெரா, விளம்பரத்தையோ மாதிரி வீட்டையோ நம்பிப் பணம் கட்டி நட்டமடைந்தவருக்கு இழப்பீடு தருகிறது (பிரிவு 12). பதிவு செய்த ஒப்பந்தமின்றி விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது (பிரிவு 13). வசூலில் 70 விழுக்காடு தனிக் கணக்கில் இருக்க வேண்டும். வேலைத்தரக் குறைகளுக்கு ஐந்தாண்டுப் பொறுப்பு உண்டு. எல்லாவற்றையும்விட என் பார்வையில் முக்கியமானது கார்ப்பெட் ஏரியாவுக்கு அது கொடுத்த வரையறை. ‘சூப்பர் பில்ட்-அப்’ என்ற பெயரில் ஆளுக்கு ஒரு கணக்குப் போட்ட இடத்தில், எந்தச் சுவர் சேரும், எந்தச் சுவர் சேராது என்று சட்டம் எழுதிவைத்தது. நம்பு என்று சொல்வதற்குப் பதிலாக அளந்து பார் என்று சொல்ல வழி பிறந்தது.

ஆனால் பில்டரின் சுவருக்கு உள்ளே தனி நிறுவனம் செய்யும் இன்டீரியர் வேலை பொதுவாக ரெராவின் எல்லைக்குள் வருவதில்லை. விற்பனை ஒப்பந்தத்திலேயே இன்டீரியர் பேக்கேஜ் சேர்ந்திருந்தால் நிலைமை மாறலாம்; தனி ஒப்பந்தமாகப் பிரித்துப் போடுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பட்டத்துக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் காப்பு உண்டு. ‘இன்டீரியர் டிசைனர்’ என்று யாரும் போர்டு மாட்டலாம். சங்கங்கள் இருந்தாலும் உறுப்பினராவது கட்டாயமில்லை. மிஞ்சுவது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. வாடிக்கையாளர் தான் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பது, வெளியூர் நிறுவனத்திடம் வேலை கொடுத்தவருக்குப் பெரிய வசதி. ஆனால் ஆணையத்தின் முன் நிற்கும்போது கையில் என்ன காகிதம் இருக்கிறது என்பதே கேள்வி.

சரிபார்க்கத்தக்க வாக்கு

தத்துவ அறிஞர் ஒனோரா ஓ’நீல் 2002-இல் பி.பி.சி.யின் ரீத் உரைகளில், மக்கள் நம்புகிறார்களா என்பதைவிட, நம்பத்தக்கவரை அவர்களால் பிரித்தறிய முடிகிறதா என்பதே முக்கியம் என்ற கோணத்தை முன்வைத்தார். மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் சொன்னதை இதோடு சேர்த்துப் படிக்கலாம்: மட்டமான சரக்குக்காரருக்குப் பின்பற்றக் கடினமான அடையாளமே தரத்தைப் பிரித்துக்காட்டும். அழகான படத்தை இருவரும் போடலாம், நட்சத்திரத்தை இருவரும் சேர்க்கலாம். தவறினால் அகப்பட்டுக்கொள்ளும்படியான விவரத்தை எழுதிக்கொடுப்பது ஏமாற்றுபவருக்கு மட்டுமே அதிகச் செலவு.

கொட்டேஷனை எடுத்துக்கொள்வோம். ‘வார்ட்ரோப், லாஃப்டுடன், சதுர அடிக்கு 1,500 ரூபாய்’ என்ற வரி தெளிவாகத் தோன்றும். 6 அடி அகலம், 7 அடி உயரம் என்றால் முகப்புப் பரப்பு 42 சதுர அடி. மேலே 2 அடி லாஃப்ட்டும் அதே விலையில் சேர்ந்தால் 54; வேறுபாடு 18,000 ரூபாய். லாஃப்டுக்கு உள்பெட்டி உண்டா, வெறும் கதவு மட்டுமா? முதுகுப் பலகை 6 மி.மீ.யா, 9 மி.மீ.யா? உள்பக்கம் லேமினேட்டா, வெறும் லைனரா? கீல், சேனல் எந்தக் கம்பெனி? இவை ஒவ்வொன்றும் விலையை நகர்த்தும். கட்டட வேலைகளை அளப்பதற்கென ஐ.எஸ். 1200 இருந்தும் வீட்டுக் கொட்டேஷன்களில் அதைச் சுட்டும் வழக்கம் பரவவில்லை. கார்ப்பெட் ஏரியாவுக்குக் கிடைத்த வரையறை அலமாரிக்குக் கிடைக்காத நிலையில், அளவு முறையை நிறுவனமே தன் இணையப் பக்கத்தில் எழுதிவைத்தால், அதுவே பல பாராட்டுக் கடிதங்களைவிடப் பெரிய விளம்பரம்.

பலகைக்கும் வழி இருக்கிறது. வீட்டிலேயே தச்சு வேலை நடந்தால், லேமினேட் ஒட்டுவதற்கு முன்பு பலகையின் முத்திரையும் உரிம எண்ணும் தெரியும்படி படமெடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்பலாம். அவர் அந்த எண்ணை இந்தியத் தர அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்க்கலாம். தொழிற்சாலையில் வெட்டி ஒட்டி வரும் மாடுலர் பெட்டிகளில் இது முடியாது. அங்கே பலகை வாங்கிய பில், தொழிற்சாலைப் பார்வை, வெட்டியெடுத்த துண்டு என்று இரண்டாம் நிலைச் சான்றுகளையே நாட வேண்டும். அவை அத்தனை உறுதியானவை அல்ல. முடிந்த வீட்டின் புகைப்படத்தை, ஒப்புக்கொண்ட 3டி படத்தின் பக்கத்திலேயே அதே கோணத்தில் வெளியிடுவது இன்னொரு வழி. பீம் தெரியும், ஏசி குழாய் தெரியும், நிறம் சற்று மாறியிருக்கும். எவ்வளவு மாறும் என்பதை வருங்கால வாடிக்கையாளர் முன்பே அறிந்துகொள்வார். ஓராண்டு கழித்து அதே சமையலறையின் சிங்க் அடியைப் படமெடுத்துப் போடும் நிறுவனம் இருந்தால், மதிப்பீட்டின் காலச் சிக்கலுக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

மறுப்புகள்

முதல் மறுப்பு: வாடிக்கையாளர் இதையெல்லாம் படிக்கமாட்டார், படத்தைப் பார்த்தே முடிவெடுப்பார். ஃபாக் ஆய்வும் அதைத்தானே காட்டுகிறது? உண்மைதான். ஆயினும் அந்த ஆய்வு தளத்தை முதல் பார்வையில் எடைபோடுவதை அளந்தது. பல லட்சம் ரூபாய்க்கு ஒப்பந்தம் போடுபவர், குறைந்தது விலை பேசும் கட்டத்தில், மைத்துனரிடமோ கட்டட மேஸ்திரியிடமோ கொட்டேஷனைக் காட்டுவார். விவரம் அவர்களுக்காக. தகராறு வந்தால் ஆணையத்துக்காக.

இரண்டாவது மறுப்பு, விவரமாக எழுதிக்கொடுத்தால் அதை எடுத்துக்கொண்டு அடுத்த கடையில் பேரம் பேசுவார்கள் என்பது. டிசைனருக்கு இது நிஜமான நட்டம். அவர் யோசித்து வரைந்ததை வேறொருவர் இலவசமாகப் பயன்படுத்திக்கொள்வார். வடிவமைப்புக் கட்டணத்தைத் தனியாகப் பிரித்து வாங்கினால் இது குறையும். ஆனால் ‘டிசைன் இலவசம்’ என்றே விளம்பரங்கள் போட்டிபோடும் சந்தையில் முதலில் கட்டணம் கேட்பவர் சில வாடிக்கையாளரை இழப்பார். இந்த மறுப்புக்கு என்னிடம் முழு விடை இல்லை.

மூன்றாவது இன்னும் கனமானது. சரிபார்த்த பிறகு, வேலை முடிய முடியப் பணம் என்று இந்த வாதத்தை நீட்டினால், கையில் முதல் இல்லாத சிறு குழு பலகையை எப்படி வாங்கும்? பெரிய அட்வான்ஸ் கேட்பது எப்போதும் மோசடிக்காக அல்ல. அதுதான் அவர்களுடைய நடைமுறை மூலதனம். மரமும் பலகையும் வீட்டுக்காரரே கடையில் வாங்கித் தந்து, கூலிக்கு மட்டும் ஒப்பந்தம் போடும் லேபர் காண்ட்ராக்ட் முறை தமிழ்நாட்டில் பழகியதே. அதில் அட்வான்ஸ் சிறிதாகும், பலகையின் தரமும் நேரடியாகத் தெரியும். பதிலுக்குச் சேதாரமும் அலைச்சலும் வீட்டுக்காரர் தலையில் விழும். வெளிநாட்டிலிருந்து வீடு வாங்கியவருக்கு இது ஒத்துவராது.

முடிவாகாதவை

வாரன்டி பற்றி உறுதியாக எதுவும் சொல்ல இன்னும் காலம் ஆகவில்லை. பத்தாண்டு வாரன்டி என்ற விளம்பரம் சாதாரணமாகிவிட்டது. இணையவழி இன்டீரியர் தொழில் இங்கே தழைத்ததே 2014-ஐ ஒட்டித்தான். முதல் வாக்குறுதிகளின் கெடு இப்போதுதான் முடியத் தொடங்குகிறது. நிறுவனங்கள் இணைவதும் கைமாறுவதும் நடக்கும் துறையில் (2024-இல் டிசைன்கஃபேயை ஹோம்லேன் வாங்கியது), பழைய வாரன்டிகள் எப்படி நிறைவேறுகின்றன என்று பொதுவெளியில் தொகுத்து ஆராய்ந்தால் பயனிருக்கும்.

செயற்கை நுண்ணறிவு வரையும் படங்கள் தோற்றத்தின் சான்று மதிப்பை மேலும் குறைக்கக்கூடும். வீட்டு விற்பனைப் படங்களை டிஜிட்டலாக மாற்றினால் அதைத் தெரிவித்து, மூலப் படத்தையும் பார்க்கத் தர வேண்டும் என்று கலிஃபோர்னியா 2025-இல் சட்டம் இயற்றியது. இருக்கும் அறையின் படத்துக்கு அது பொருந்தும். இன்னும் கட்டப்படாத சமையலறைக்கு மூலப் படம் என்று ஒன்று இல்லாததால், அந்த வழி இங்கே எவ்வளவு உதவும் என்பது ஐயமே.

பணத்தை நடுவர் ஒருவரிடம் வைத்து, கட்டம் கட்டமாக விடுவிக்கும் எஸ்க்ரோ முறை பேச்சளவில் எளிது. ரெராவில் கட்டடம் எந்த அளவு முடிந்தது என்று பொறியாளரும் ஆர்க்கிடெக்டும் கணக்குத் தணிக்கையாளரும் சான்று தருகிறார்கள். பல கோடித் திட்டத்துக்கு அந்தச் செலவு தாங்கும். ஆறு லட்சம் ரூபாய் சமையலறை வேலையில் யார் வந்து பார்ப்பார்? பலகையின் தரத்தைக் காகிதத்தில் எழுதலாம், சதுர அடியை டேப்பால் அளக்கலாம். இரண்டு கதவுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி இரண்டு மி.மீ. என்றால் நல்ல வேலை, நான்கு என்றால் மறுபடி கழற்று என்று சொல்வதற்கு இரு தரப்பும் ஏற்கும் அளவுகோல் கொட்டேஷன்களில் இன்னும் இடம்பிடிக்கவில்லை. அது எழுதப்படும்வரை, நடுவரிடம் வைத்த பணத்தை எப்போது விடுவிப்பது என்பதிலேயே அடுத்த தகராறு தொடங்கும்.